நீலத்தின் நட்சத்திரம்

யோகராஜாவின் மூச்சைப் பற்றி லண்டன் பிளேஸ்டோவில் பல கதைகள் உலாவின. எல்லாவற்றையும் உலாவ விட்டவர் அவரேதான். ஒன்பது வயதில் கொக்குவில் ஸ்டேசனில் நின்றபோது அவருக்கு முட்டு வந்து நெஞ்சு விசிலடித்ததாம். அதைக் கார்ட்டின் விசில் என்று நினைத்த டிரைவர் மெயில் வண்டியை எடுத்துவிட்டாராம். உண்மையான கார்ட் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக யாழ்ப்பாணம் வரை தண்டவாளத்தில் நடந்து போனாராம். அந்தக் கோப்பை இன்னும் கொக்குவிலுக்குத் திரும்பவில்லை என்பதை மட்டும் யோகராஜா ஒரு குறையாகச் சொல்லுவார்.

முட்டு என்று அவர் சொல்வது ஆஸ்துமாவை. அவருடைய ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

லண்டனுக்கு வந்த பிறகும் விசில் நிற்கவில்லை. மேல்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கேத்தில் கொதிக்கிறதென்று நினைத்து ஒரே காலையில் மூன்று தரம் அடுப்பை அணைத்தாள். நான்காவது தரம் உண்மையாகவே கொதித்தபோது அவள் எழும்பவில்லை. கேத்திலின் அடி கருகிப்போனது. எண்பத்துமூன்றில் அவர்களுடைய தெரு மூலையில் இருந்த டொக்டர் ஒருவர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நீல நிறத்தில் ஒரு பம்பை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ‘நீலம்’ என்றால் அந்தப் பம்ப்தான். “நீலத்தைக் கண்டனீரோ?” “நீலம் உங்கட சேட்டுப் பொக்கற்றுக்கை.” காலையும் மாலையும் இழுக்கிற மண்ணிற பம்பும் ஒன்று இருந்தது. அது முட்டு வராமல் தடுக்கிறது; வந்த முட்டை விரட்டாது. மெதுவாக வேலை செய்கிற ஆள் என்பதால் அதற்கு வீட்டில் பெயர் வைக்கவில்லை. ‘மற்றது’ என்று சொல்லுவார்கள்.

யோகராஜா ஊரில் தபால் கந்தோரில் தந்திப் பகுதியில் இருந்தவர். முப்பது வருடம் பிறருடைய சாவையும் கலியாணத்தையும் சொல் எண்ணி அனுப்பியவருக்கு அந்தப் பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. மனைவி சந்திரவதனாவையும் அப்படியே பழக்கிவிட்டார். மனைவி எங்காவது போவதென்றால் குளிர்சாதனப் பெட்டியில் துண்டு ஒட்டிவிட்டுப் போவார். ‘சோறு பானை. கறி கீழ்த்தட்டு. பூனை விரட்டு.’ யோகராஜா அதைப் படித்துவிட்டு, ‘விரட்டு என்ற சொல் தேவையில்லை, பூனை என்றாலே விளங்கும்’ என்று அடியில் திருத்தம் எழுதி வைப்பார்.

இப்படி இருக்கையில், தொண்ணூற்றைந்து மாசியில், அவருடைய கெண்டைக்காலில் ஒரு இரத்தக்கட்டி ஏறியது. டிஸ்ட்ரிக்ட் லைனில் ரிக்கற் இல்லாமல் ஏறியவன் மாதிரி அது எங்கே இறங்குவதென்று தெரியாமல் போய், கடைசியில் நுரையீரலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். திரும்பி வரும்போது இரண்டு போத்தல் குளிசையும் ஒரு மஞ்சள் புத்தகமும் கொடுத்துவிட்டார்கள். இரத்தத்தை இறுக விடாமல் இளக வைக்கிற குளிசை. பின்னேரம் ஆறு மணிக்குப் போட வேண்டும். அடிக்கடி கிளினிக்கில் இரத்தம் கொடுத்து, இளக்கம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் சொல்கிற அளவை மஞ்சள் புத்தகத்தில் எழுத வேண்டும்.

குளிசையில் ஒன்று மூன்று மில்லிகிராம், மற்றது ஒரு மில்லிகிராம். யோகராஜா எண்ணிப் பழகியவர், போத்தலில் இருந்த எண்ணைத்தான் பார்த்தார். “ஒரு மூண்டு, ஒரு ஒண்டு, மொத்தம் நாலு” என்று சொல்லிக்கொண்டே விழுங்குவார். மூன்று மில்லிகிராம் குளிசை நீல நிறம், ஒரு மில்லிகிராம் குளிசை மண்ணிறம் என்பது அவருடைய கண்ணில் பட்டதே தவிர மண்டைக்குள் போகவில்லை. அவருக்கு நிறம் பம்புக்கு உரியது. எண் குளிசைக்கு உரியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உயிர் போகப் பார்த்தது இந்த இடத்தால்தான்.

இளகிய இரத்தம் அவருக்கு ஒரு புது உத்தியோகம் மாதிரி இருந்தது. முகம் வழிக்கும்போது ஒருநாள் தாடையில் கீறிக்கொண்டார். அது நிற்பதற்குள் வானொலியில் இரண்டு முறை செய்தி வாசித்து, இரண்டாம் முறை வானிலையையே மாற்றிக்கொண்டார்கள் என்று கோயிலில் வைத்துச் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் பாலேந்திரா.

பாலேந்திரா அடுத்த தெருவில் இருந்தார். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் ஷிப்ட் வேலை. டாக்குத்தர்மாரின் வெள்ளைக் கோட்டுகளை ஒன்பது வருடம் தோய்த்ததில் வைத்தியம் தன் கையில் ஊறிவிட்டது என்பது அவருடைய எண்ணம்.

“யோகண்ணை, உந்தப் பம்பை அடிச்ச உடனை நெஞ்சு படபடக்குமோ இல்லையோ?”

“கொஞ்சம் படபடக்கும். கையும் நடுங்கும்.”

“அதுதான் சொல்லுறன். முந்தி உங்கட இரத்தம் கட்டி. இப்ப தண்ணி. தண்ணியை மோட்டர் போட்டு அடிச்சால் என்ன நடக்கும்?”

“தோட்டம் நனையும்.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் ஆஸ்பத்திரியிலை எத்தினை துணி பாத்தனான்.”

அவர் போகும்போது, யோகராஜாவுக்குச் சளி கட்டியிருக்கிறதென்று தன்னிடம் மிஞ்சியிருந்த அன்ரிபயோற்றிக் குளிகைகளையும் ஒரு கடித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். யோகராஜா அதை ஐந்து நாள் ஒழுங்காக விழுங்கினார். சளி குறைந்தது. வேறு என்ன கூடியது என்பது அவருக்குத் தெரியவில்லை.

நவம்பர் முதல் வியாழன் இரத்தம் கொடுக்கப் போனபோது, பம்பும் இந்தக் குளிசையும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்குமா என்று நேர்ஸிடம் கேட்டார். அவள், டாக்டரிடம் கேட்டு நாளைக்கு முடிவோடு சேர்த்துப் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றாள். யோகராஜா இரவு முழுதும் ஒரு கேள்வியோடு படுத்திருந்தார்.

வெள்ளி மத்தியானம் போன் வந்தபோது அவர் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். எடுத்தவர் சந்திரவதனா. வட லண்டனில், எட்மண்டனில் இருக்கிற தங்கை சிவனேஸ்வரி வீட்டில் ஞாயிறு பிறந்தநாள் விழா. பலகாரம் சுட இரண்டு நாள் முந்தியே போகிறார். கோட்டுப் போட்டு, பையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபடிதான் பேசினார். நேர்ஸ் ஆறுதலாக, நல்ல மரியாதையாகச் சொன்னாள்: இரத்தம் மிகவும் இளகிவிட்டது, நீலக் குளிசையை நிறுத்துங்கள், மண்ணிறக் குளிசை ஒன்று மட்டும் போடட்டும், திங்கள் வந்து மறுபடி இரத்தம் கொடுக்கட்டும்; பம்பைப் பற்றிக் கேட்டாரே, அது ஒன்றும் செய்யாது, தேவைப்படும்போது தாராளமாக அடிக்கலாம்.

சந்திரவதனா தொலைபேசியை வைத்துவிட்டுத் துண்டு எழுதினார். பம்ப் விஷயத்தை எழுதவில்லை. பிரச்சினை இல்லையென்று யாரும் தந்தி அடிப்பதில்லை. குளிசை என்ற சொல்லையும் எழுதவில்லை. கிளினிக் வேறு எதைப் பற்றிப் பேசப்போகிறது? துண்டு இப்படி அமைந்தது:

‘கிளினிக் சொன்னது. நீலம் நிறுத்து. மண்ணிறம் மட்டும். திங்கள் இரத்தம்.’

யோகராஜா பாணோடு வந்து அதைப் படித்தார். எட்டுச் சொல். ஒன்றையும் வெட்ட முடியவில்லை. இவ்வளவு காலத்தில் மனைவி எழுதிய துண்டுகளில் இதுதான் உச்சம் என்று அவருக்குப் பட்டது. பிறகுதான் பொருள் உறைத்தது. பாலேந்திரா சொன்னது சரி. கேள்வி கேட்டார், பதில் வந்துவிட்டது. நீலம் நின்றது.

வேறொருவராக இருந்தால் பம்பை மேசைக்குள் வைத்திருப்பார். யோகராஜாவுக்குத் தன்னைத் தெரியும். மேசைக்குள் இருந்தால் முட்டு வரும்போது கை தானாகப் போகும். ஆகவே அவர் நீலத்தை ஒரு தடித்த உறைக்குள் போட்டு, ஒட்டி, தன்னுடைய பெயரையும் விலாசத்தையும் எழுதி, இரண்டாம் வகுப்பு முத்திரையும் ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டார். திங்களோ செவ்வாயோ தானாக வீடு வந்து சேரும். அரச தபாலை இடையில் மறிக்க யாராலும் முடியாது. அவர் முப்பது வருடம் அதற்காகவே இருந்தவர்.

ஆறு மணிக்கு வழக்கம்போல ஒரு மூண்டும் ஒரு ஒண்டும் விழுங்கினார். துண்டில் குளிசை பற்றி எதுவும் இல்லையே.

அது நவம்பர் ஐந்துக்கு வெள்ளைக்காரர் வெடி கொளுத்துகிற வாரம். தெருவெல்லாம் ராக்கெட் புகை. ஜன்னலைச் சாத்தியும் கந்தக நெடி உள்ளே வந்தது. சனி காலையில் பல் விளக்கும்போது எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தது. முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல். எங்கே இடித்தார் என்று தெரியவில்லை. ‘நீலம் இன்னும் உடம்பிலை நிக்குது’ என்று நினைத்துக்கொண்டார். பத்து மணிக்கு விசில் தொடங்கியது. மற்றதை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். அது தன் பாட்டில் மெதுவாக வேலை செய்தது. பதினொரு மணிக்கு இன்னும் இரண்டு. நெஞ்சைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு ஓட்டை ஓட்டையாக இறுக்குகிற மாதிரி இருந்தது. விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. அது அவருக்கு நல்ல குறியாகப் படவில்லை. விசிலடிக்கவும் காற்று வேண்டும்.

தபால் பெட்டியை ஜன்னலால் பார்த்தார். சிவப்பாக, இறுகப் பூட்டி, அவருடைய மூச்சை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது.

அறுபத்திரண்டு வயதில் அவருக்கு முதல் தடவையாக ஒரு கதை தோன்றவில்லை. சந்திரவதனா ஞாயிறு பின்னேரம்தான் வருவார் என்பது மட்டும் தோன்றியது. அதுவரை மூச்சு இருக்காது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. நீலம் இல்லாத வேறு ஏதாவது மருந்து வாங்கலாம் என்று கோட்டைப் போட்டார். மஞ்சள் புத்தகத்தையும் மனைவியின் துண்டையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மருந்துக்கடை எழுபது அடி தூரம். நான்கு இடத்தில் நின்று போனார். கடைசியாக நின்றது ஒரு நாயின் பக்கத்தில். அது எழுந்து இடம் கொடுத்தது.

மருந்துக்கடை ரங்கராஜனுடையது. கும்பகோணத்துக்காரர், எப்போதும் டை கட்டியிருப்பார். பத்து வருடமாக இருவருக்கும் இடையில் தமிழ்ப் போர். “குளிசையா? அது சித்த வைத்தியம் சார், மாத்திரைன்னு சொல்லுங்க” என்பார் அவர். “மாத்திரை எண்டது இலக்கணத்திலை எழுத்துக்கு இருக்கிறது, அதை எப்பிடி விழுங்கிறது?” என்பார் இவர்.

அன்று ரங்கராஜன் தட்டின் பக்கம் திரும்பி நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். யோகராஜா மேசையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரே ஒரு சொல்லுக்கான மூச்சு இருந்தது. தந்தி இலாகா பழக்கியதை வீணாக்காமல், இருக்கிற சொல்லிலெல்லாம் மிகச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

“முட்டு.”

“மூட்டா?” என்றார் ரங்கராஜன் திரும்பாமலே. “குளிர் வந்துச்சுன்னா எல்லாருக்கும் மூட்டுதான் சார். காலா, கையா? இருங்க, நல்ல வலி மாத்திரை ஒண்ணு இருக்கு.” கை நீண்டு ஒரு பெட்டியை எடுத்தது. பெட்டியோடு திரும்பினார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதையே, வாய் பழகியபடி கேட்டார். “வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? ஆஸ்துமா ஏதும்…”

அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். உதடு பம்பின் நிறத்தில் இருந்தது.

யோகராஜா மஞ்சள் புத்தகத்தை மேசையில் வைத்தார். ரங்கராஜன் புத்தகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். கத்தியை மறைப்பவர் போல அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அடித்தட்டில் எறிந்தார். அந்த வலி மாத்திரை இளகிய இரத்தத்தோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிய வைக்கும்; சில ஆஸ்துமாக்காரருக்கு மூச்சையும் இறுக்கும். ஒரே பெட்டியில் இரண்டு ஆபத்து. இதை அவர் பிறகுதான் விளக்கினார். அப்போது சொன்னது வேறு.

“நீல பம்ப் எங்க சார்?”

யோகராஜா ஜன்னலால் தபால் பெட்டியைக் காட்டினார்.

ரங்கராஜன் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைப் பெண்ணிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். ஒரு புது நீல பம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, குலுக்கி, மருந்தைப் பிடித்து வைத்து மெல்ல இழுக்க விடுகிற, பூசணிக்காய் அளவு பிளாஸ்டிக் கூண்டு ஒன்றில் பொருத்தினார். யோகராஜாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கூண்டின் வாயை அவர் வாயில் வைத்தார். யோகராஜா கையால் தள்ளினார். தள்ளிவிட்டுக் கோட்டுப் பைக்குள்ளிருந்து துண்டை எடுத்து நீட்டினார்.

ரங்கராஜன் படித்தார். “நீலம் நிறுத்து. யாரு இது, கிளினிக்கா? இல்ல சார், இருக்காது. இந்த பம்புக்கும் ரத்த மாத்திரைக்கும் சண்டையே கிடையாது. நான் பொறுப்பு. முதல்ல மூச்சு, அப்புறம் இலக்கணம். இழுங்க.”

யோகராஜா இழுத்தார். ஒரு அடி, நாலைந்து மூச்சு. மறுபடி குலுக்கி ஒரு அடி, நாலைந்து மூச்சு. ரங்கராஜன் ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்தாவதில் விசில் திரும்பி வந்தது. அதைக் கேட்டு ரங்கராஜனின் கண் கலங்கியது. ஏழாவதில் மேல்வீட்டுக் கிழவி தன் வீட்டில் அடுப்பை அணைத்திருப்பாள். அவ்வளவு நல்ல, நீண்ட விசில்.

பத்தாவதில் யோகராஜா பேசினார்.

“முட்டு எண்டால் மூட்டு இல்லை.”

“ஆமா சார், புரிஞ்சுது. இருபது வருஷமா இந்த ஊர்ல தமிழ் பேசறேன், இன்னைக்குத்தான் தெரியுது.”

“நாங்கள் கன காலமாய் இந்தச் சொல்லிலைதான் மூச்சு விடுறம்.”

ஆம்புலன்ஸ் வரும்வரை ரங்கராஜன் பக்கத்திலேயே உட்கார்ந்து துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம். மண்ணிறம். பிறகு மெல்லக் கேட்டார். “சார், ரத்த மாத்திரை என்ன நிறம்?”

“மூண்டும் ஒண்டும்.”

“நம்பர் இல்ல சார், நிறம்.”

யோகராஜா யோசித்தார். கண்ணுக்குள் போத்தலின் மூடி திறந்தது. உள்ளங்கையில் இரண்டு குளிசை வந்து விழுந்தது. ஒன்று நீலம், ஒன்று மண்ணிறம்.

“நேத்து பின்னேரமும் போட்டனான்,” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஐரிஷ் டாக்குத்தர் அம்மா இரத்தம் எடுத்துப் பார்த்தார். தேவைக்கு மேல் நன்றாகவே இளகியிருந்தது. நல்ல காலம், உள்ளே எங்கும் கசிவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டதில் பாலேந்திராவின் கடித உறை வெளியே வந்தது. இரத்தத்தை இளக்கிவிட்டது அந்தக் குளிகைகள்தான். இனி எந்த மருந்தையும், யார் தந்தாலும், மஞ்சள் புத்தகத்தைக் காட்டிக் கேட்காமல் விழுங்கக்கூடாது என்றார். ஆஸ்பிரினும் வலிக் குளிசையும் அன்ரிபயோற்றிக்கும் விசேஷமாக. முட்டுக்கென்று வேறு குளிசை கொடுத்தாலும் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். நீல பம்ப் மட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். வழக்கத்தை விட அடிக்கடி தேவைப்பட்டாலோ, அடித்தும் கேட்காவிட்டாலோ காத்திருக்காமல் வர வேண்டும்.

போனில் செய்தி கேட்டுப் பின்னேரம் சந்திரவதனா எட்மண்டனிலிருந்து ஓடி வந்தார். கையில் அரைவாசி சுட்ட பயத்தம் பணியாரம், சேலையில் மா. கட்டிலில் கணவனைக் கண்டதும் கோட்டையும் கழற்றாமல் காலடியில் உட்கார்ந்தார்.

“நான் ஒரு சொல்லு கூடப் போட்டிருந்தால்…”

“இஞ்சேரும், நீர் முறைப்படி எழுதினனீர். பழக்கினது நான்.”

“குளிசை எண்டு ஒரு சொல்லு. எழுதக் கை வரேல்லை. வேறை என்னத்தைச் சொல்லப் போகினம் எண்டு நினைச்சன். பம்ப் அடிக்கலாம் எண்டும் அந்தப் பிள்ளை சொன்னவ. அதையும் விட்டிட்டன்.”

“ஒன்பதாம் சொல்லிலை சாகப் பாத்தனான் எண்டு இனிச் சொல்லலாம். நல்ல கதை.”

“பேசாமல் கிடவுங்கோ.” அவர் அழவில்லை. கணவனின் நெஞ்சில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது டாக்குத்தர் அம்மா வந்து, இரண்டு நாளைக்கு நீலமும் மண்ணிறமும் வேண்டாம் என்றார். சந்திரவதனா சட்டென்று எழுந்து நின்றார்.

“நிறம் சொல்லாதேங்கோ டொக்டர்,” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். “பேர் சொல்லுங்கோ. குளிசையோ, பம்போ?”

டாக்குத்தர் அம்மா சிரிக்கவில்லை. மஞ்சள் புத்தகத்தை வாங்கி, முழுப் பெயரோடு, முழு வசனமாக, நாலு வரி எழுதிக் கொடுத்தார். அவ்வளவு நீளமான ஒன்று அந்த வீட்டுக்குள் எழுத்தில் போனது அதுவே முதல் தடவை.

பாலேந்திரா ஞாயிறு பார்க்க வந்தார். தோடம்பழம் கொண்டு வந்தார். கட்டிலருகில் நின்று நெடுநேரம் சப்பாத்தைப் பார்த்தார். “யோகண்ணை, இனி நான் துணி மட்டும் தோய்க்கிறன்,” என்றார்.

“கோட்டுப் பொக்கற்றைத் தடவிப் பார். பெரிய டாக்குத்தர்மாரின்ரை மூளை ஏதும் விட்டுப்போயிருக்கும்,” என்றார் யோகராஜா. இருவருக்கும் அதோடு சரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தபால்காரன் தடித்த உறையொன்றைக் கொண்டு வந்தான். முதல்நாள் வீடு திரும்பியிருந்த யோகராஜா வாசலிலேயே கிழித்து, நீலத்தை எடுத்து, கொஞ்சம் பார்த்துவிட்டுச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். பிறகு நேரே மருந்துக்கடைக்குப் போனார். எழுபது அடி. எங்கும் நிற்கவில்லை.

“உங்கட நட்சத்திரம் என்ன?” என்று கேட்டார்.

ரங்கராஜன் தலையைச் சொறிந்தார். “எனக்கா? எதுக்கு சார்?”

“வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மனிட்டைப் போறம். அருச்சனைக்கு வேணும்.”

“அட, அதெல்லாம் எதுக்கு. என் வேலை சார் அது. தினம் நூறு பேர்கிட்ட கேக்கிற கேள்விதான்.” அவர் அடித்தட்டைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு மட்டும் அதைக் கேக்காம அந்தப் பெட்டியைக் குடுத்திருந்தேன்னு நினைச்சா, ராத்திரி தூக்கம் வரல. கேக்க வச்சதுக்கு நான்தான் யாருக்காவது நன்றி சொல்லணும். திருவோணம் சார்.”

வெள்ளி பதினொரு மணிக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார்கள். யோகராஜா ரிக்கற் வாங்கியிருந்தார். இரத்தக்கட்டி மாதிரிப் போகவில்லை. கோயிலில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை வைத்த தட்டின் நடுவில் நீலத்தையும் வைத்து நீட்டினார்.

“பேர்?” என்றார் ஐயர்.

“ரங்கராஜன். திருவோணம்.”

“அடுத்தது?”

“கிளினிக் நேர்ஸ் பிள்ளையும் ஐரிஷ் டாக்குத்தர் அம்மாவும். அவைக்கு நட்சத்திரம் தெரியாது ஐயா.”

“அம்மனுக்குத் தெரியும். அடுத்தது?”

“நீலம்.”

ஐயர் தட்டைப் பார்த்தார். “இதோ?”

“ஓம்.”

“நட்சத்திரம்?”

யோகராஜா பம்பைத் திருப்பி அடியில் இருந்த திகதியைப் படித்தார். “முடியிற மாசம் மட்டும்தான் போட்டிருக்கு. பிறந்த நாள் இல்லை.”

ஐயர் கொஞ்சம் யோசித்தார். கர்ப்பூரப் புகையில் வருடக்கணக்காக நிற்பவர். இடுப்பு மடியைத் தளர்த்தி, உள்ளேயிருந்து இன்னொரு நீலத்தை எடுத்துத் தட்டில் அதற்குப் பக்கத்தில் வைத்தார். “என்ரையும் கிடக்கட்டும். குடும்பத் தலைவரின்ரை நட்சத்திரத்திலை சொல்லுவம். உங்களுக்கு என்ன?”

“உத்தரட்டாதி.”

அப்படி நீலத்துக்கு உத்தரட்டாதி அமைந்தது. இந்தப் பகுதியை யாரும் நம்புவதில்லை. யோகராஜா சொன்ன கதைகளில் இது ஒன்றுதான் நடந்தபடி சொன்னது; ஆகவே அவருக்கு அதில் மனவருத்தம் உண்டு.

அருச்சனை முடிந்து மணி அடித்தபோது அவர் கண்ணை மூடினார். வழக்கமாக அவர் கும்பிடுவது நாலு சொல்லோடு முடியும். ‘எல்லாரும் சுகம். தொடர்ந்து பார்.’ அன்று வாயைத் திறந்தார். நேர்ஸ் பிள்ளையில் தொடங்கினார். கடைப் பெண்ணைச் சொன்னார். கூண்டைச் சொன்னார். இடம் விட்ட நாயைச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. அவர் இடையில் நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கூடிப்போச்சோ என்று கேட்கிற பார்வை.

“சொல்லுங்கோ,” என்றார் சந்திரவதனா. “ஒண்டையும் விடாதேங்கோ. மூச்சு இருக்குத்தானே.”